காவிரி: குறைந்த ஆண்டின் கணக்கு



காவிரியைப் பற்றிப் பெங்களூரில், அதுவும் தமிழில், பொதுமேடையில் பேச வேண்டுமா என்று தயங்குபவர்கள் உண்டு. இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது? இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் இன்று காலை காவிரியில்தான் குளித்துவிட்டு வந்திருப்பீர்கள். மீதிப் பேர் போர்வெல் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ குளித்திருப்பீர்கள். குடிக்கிற ஆற்றின் வழக்கைத் தெரிந்துகொள்வதில் தப்பொன்றும் இல்லை.

மூன்று எண்களோடு தொடங்குகிறேன். முதல் எண் 177.25. சாதாரண மழையுள்ள ஆண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நீர் அது, டி.எம்.சி. கணக்கில். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வகுத்தது. இரண்டாவது எண், 2022-23 நீர் ஆண்டில் அதே இடத்தைக் கடந்து போன நீர்: 600 டி.எம்.சி.க்கு மேல். மூன்றாவது, அதற்கு அடுத்த ஆண்டே, 2023-24இல், அங்கே வந்து சேர்ந்தது: ஏறத்தாழ 80.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்த அளவு சேரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

தீர்ப்பில் உள்ள எண் ஆற்றில் வருவதே இல்லை. ஒன்று மிக மேலே போகிறது, அல்லது மிகக் கீழே போகிறது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: 130 ஆண்டுகளுக்கு மேலாக இரு தரப்பும் வாதாடி முடித்திருப்பது நல்ல ஆண்டின் பங்கை மட்டும். மழை குறைந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்பதை இன்னும் யாரும் எழுதி முடிக்கவில்லை. சண்டை வருவதோ குறைந்த ஆண்டில்.

கதை தெரிந்த கதைதான், ஆனால் இரு பக்கமும் பாதிப் பாதியாகவே தெரியும். 1881இல் மைசூர் மீண்டும் உடையார் வம்சத்தின் கைக்கு வந்ததும் புதிய ஏரிகள், அணைகள் பற்றிய யோசனைகள் எழுந்தன. கீழே இருந்த மெட்ராஸ் மாகாணம் பயந்தது. 1892இல் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மெட்ராஸின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசன அணை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் மாகாணம், மறுபக்கம் பிரிட்டிஷாரின் தயவில் இருந்த சமஸ்தானம். இந்த ஏற்றத்தாழ்வைக் கர்நாடகத்தில் காவிரியை நம்பிப் பயிர் செய்யும் மண்டியாக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது. அதே நேரம், கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை காலத்திலிருந்து தஞ்சையில் இந்த நீரை நம்பிப் பயிர் செய்தவர்களுக்கு, மேலே புதிதாக ஓர் அணை வருகிறது என்றால் வயிறு கலங்காதா? இந்த இரண்டு நியாயங்களும் சேர்ந்துதான் வழக்கு.

1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக விஸ்வேஸ்வரையா வந்தார். கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணையைத் திட்டமிட்டார். மெட்ராஸ் 11 டி.எம்.சி.க்குத்தான் சம்மதித்தது. மைசூர் சரி என்றது, ஆனால் அடித்தளத்தை மட்டும் பெரிய அணைக்கு ஏற்ற அகலத்தில் போட்டது! அதன் பின் சும்மா இருக்குமா மெட்ராஸ்? வழக்கு, நடுவராக இருந்த அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபினிடம் போயிற்று. 1914இல் வந்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. மெட்ராஸ் லண்டன் வரை முறையிட்டு அதை நிறுத்தியது. கடைசியில் 1924 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம். மைசூருக்குக் கண்ணம்பாடி அணை, மெட்ராஸுக்கு மேட்டூர் அணை. மேட்டூர் 1934இல் முடிந்தது. 120 அடி உயரத்தில் 93.47 டி.எம்.சி. தேக்கும் அந்த அணையே இல்லாமல் இருந்திருந்தால் டெல்டாவின் நிலையை நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த 1924 ஏற்பாட்டில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதே இல்லை. கண்ணம்பாடியில் நீரைத் தேக்குவதற்கான விதிகள் ஆண்டுக்கு இத்தனை டி.எம்.சி. என்று எழுதப்படவில்லை. கீழே முக்கொம்பு மேலணையில் இந்த மாதத்தில் இவ்வளவு நீர் ஓட வேண்டும், அதற்கு மேல் இருந்தால்தான் மேலே தேக்கலாம் என்று மாதவாரியாக எழுதப்பட்டன. அந்த விதி கீழ்ப்பக்கத்துக்கே முதலிடம் கொடுத்தது. அதனால் மேலே இருப்பவர்களுக்குக் கசந்தது. அது நியாயமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஆற்றில் அன்றைக்கு ஓடுகிற நீரைப் பார்த்து நடக்கிற விதி அது. பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு ஆண்டுத் தொகைக்கும், அதை மாதமாகப் பிரித்த அட்டவணைக்கும் போய்விட்டன.

1924 ஒப்பந்தத்தின் சில பிரிவுகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974 வந்ததும் ஒப்பந்தமே முடிந்தது என்றது கர்நாடகம். மறுபரிசீலனைதான் உண்டு, முடிவு இல்லை என்றது தமிழ்நாடு. இதற்கிடையில் கர்நாடகம் ஹேமாவதி, கபினி, ஹாரங்கி அணைகளைத் திட்டக்குழுவின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தன் பணத்தில் கட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட முறை அமைச்சர்கள் கூடிப் பேசினார்கள். பயனில்லை. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 1990 ஜூன் 2 அன்று, வி.பி.சிங் அரசு நடுவர் மன்றத்தை அமைத்தது.

மறு ஆண்டு ஜூன் 25இல் இடைக்கால ஆணை வந்தது: மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். கர்நாடகம் அதை மறுக்க அவசரச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. டிசம்பரில் ஆணை மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த சில நாட்களில் இந்த ஊரில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1991இல் மழைக்குக் குறைவில்லை. அந்த ஆண்டு இடைக்கால ஆணை கேட்டதைவிட அதிகமான நீர் கீழே போயிற்று. காகிதத்தில் இருந்த எண்ணுக்காக வீடுகள் எரிந்தன. பற்றாக்குறை இல்லாமலே மூட்டப்பட்ட தீ அது ஒன்றுதான். மற்ற ஆண்டுகள், 1995, 2002, 2012, 2016, 2023, எல்லாம் மழை பொய்த்த ஆண்டுகள்.

நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5இல் வந்தது. ஆற்றில் மொத்தம் 740 டி.எம்.சி. கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டு பிரித்தார்கள்: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. இந்த 740 என்பது இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டாவது கிடைக்கும் என்று நம்பத்தக்க அளவு. மற்ற ஓர் ஆண்டு? அந்த ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்று தீர்ப்பு சொன்னது. அவ்வளவுதான். எந்தத் தேதியில் பார்ப்பது, எந்த அணைகளின் வரத்தைப் பார்ப்பது, நின்ற பயிருக்கு என்ன, குடிநீருக்கு என்ன என்று ஒரு வாய்ப்பாடும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கச் சாட்சியங்களுக்குப் பிறகு, சண்டை வருகிற இடத்துக்கு ஒரு வாக்கியம்.

அந்தத் தீர்ப்பு அரசிதழில் ஏற ஆறு ஆண்டுகள் ஆயின. 2018இல் உச்ச நீதிமன்றம் சிலவற்றை மாற்றியது. தமிழ்நாட்டின் டெல்டா நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தது. பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூட்டியது. நடுவர் மன்றம் இந்நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்திருந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆயிற்று, தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆயிற்று. ஆறு எந்த மாநிலத்துக்கும் தனிச் சொத்து அல்ல என்றும் நீதிமன்றம் சொன்னது. நல்ல வார்த்தை. குறைந்த ஆண்டுக்கு அது போதாது.

அதே 2018 ஜூன் 1இல் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன. ஆணையம் டெல்லியில். ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையகம் எங்கே என்று இங்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பெங்களூரில். கூட்டங்கள் பெரும்பாலும் டெல்லியிலோ இணைய வழியிலோ நடப்பதால் அப்படி ஒன்று இங்கே இருப்பதே மறந்துவிட்டது.

2023இல் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த ஆகஸ்ட் நாடு முழுவதும் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாயிற்று, டெல்டாவில் குறுவை நட்டாயிற்று. மேலே நான்கு அணைகளும், கண்ணம்பாடி, கபினி, ஹேமாவதி, ஹாரங்கி, மொத்தம் சுமார் 114 டி.எம்.சி. கொள்ளக்கூடியவை, பாதிக்குத் தள்ளாடின. குழு கூடி இத்தனை கன அடி என்றது, ஆணையம் அதை உறுதி செய்தது. கர்நாடகம் முடியாது என்றது, தமிழ்நாடு போதாது என்றது. இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்கு என்ற உத்தரவில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. செப்டம்பர் 26 பெங்களூர் பந்த், 29 கர்நாடக பந்த். அக்டோபரில் மேட்டூர் மூடப்பட்டது. குறுவை எத்தனையோ வயலில் கருகியது.

இப்போது அந்த டி.எம்.சி. கணக்கை எடுங்கள். 5,000 கன அடி 15 நாள் ஓடினால் ஆறரை டி.எம்.சி. 2016இல் இந்நகரத்தில் பேருந்துகள் எரிந்ததற்கு முன் உச்ச நீதிமன்றம் முதலில் சொன்ன 15,000 கன அடி, 10 நாளைக்கு 13 டி.எம்.சி. 2022-23இல் கணக்கின்றிக் கீழே போன 600 டி.எம்.சி.யோடு இதை வைத்துப் பாருங்கள். சண்டை ஆற்றின் மொத்த நீரைப் பற்றியது அல்ல. ஆகஸ்டு, செப்டம்பரில் சில வாரங்களுக்குள் வர வேண்டிய சிறிய அளவைப் பற்றியது.

சரி, குறைந்த நீரைப் பிரிக்கத் தெரியாதவர்களா நாம்? இல்லவே இல்லை. மேட்டூரில் நீர் குறைந்தால் தமிழ்நாட்டில் முறைப்பாசனம் வைக்கிறார்கள். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். மண்டியாவில் விஸ்வேஸ்வரையா கால்வாயில் நீர் குறைந்தால் இதே வேலைதான், ‘கட்டு நீரு’ என்பார்கள். தமிழ்க் கிராமத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார், கோலார் பக்கம் நீருகண்டி. ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து யார் மடையை எப்போது திறப்பது என்று முடிவு செய்வது அவர் வேலை. இலங்கையின் குளத்துக் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். வறண்ட பருவத்தில் குளத்துக்கு அருகே உள்ள வயலை மட்டும் எடுத்து, அதை எல்லாப் பங்காளிகளுக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுத்துப் பயிர் செய்யும் வழக்கம் அங்கே உண்டு, ‘பெத்ம’ என்று பெயர். கடைமடைக்காரனும் அந்த ஆண்டு குளத்தடியில் கொஞ்சம் நெல் பார்ப்பான். ஊருக்குள் தெரிந்த இந்த நாகரிகத்தை மாநில எல்லையில் வந்ததும் மறந்துவிடுகிறோம்.

நாடுகளுக்கிடையே கூட இது நடக்கிறது. 1996இல் இந்தியாவும் வங்கதேசமும் கங்கை நீரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஃபராக்காவில் ஜனவரி முதல் மே வரை பத்துப் பத்து நாளாக அளக்கிறார்கள். 70,000 கன அடிக்குக் கீழே இருந்தால் இருவருக்கும் சரிபாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையே வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் அவர்களுக்கு. குறை இருக்கிறது, வங்கதேசத்தில் புலம்பல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் ஆறு சுருங்கினால் யாருக்கு என்ன என்பதை யாரும் தெருவில் தீர்மானிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ இருக்கிறது. 1922இல் நல்ல மழை பெய்த ஆண்டுகளின் அளவை வைத்து ஏக்கர்-அடிக் கணக்கில் பிரித்துவிட்டார்கள். ஆற்றில் அவ்வளவு நீர் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஏழு மாநிலங்கள் இன்றும் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு திண்டாடுகின்றன.

காவிரிக்கு என்ன வாய்ப்பாடு வைக்கலாம்? என் யோசனையைச் சொல்கிறேன், பொறியாளர்கள் திருத்தட்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. ஜூலை 31 முக்கியமான தேதி. அன்றுவரை நான்கு அணைகளுக்கு வந்த வரத்து நீண்டகாலச் சராசரியில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். பாதிக்குக் கீழே இருந்தால் அது குறைந்த ஆண்டு. அதை அறிவிக்க எந்த முதலமைச்சரின் அனுமதியும் வேண்டாம். மேட்டூர், பவானிசாகர், அமராவதி இருப்பும் அதே தாளில் வர வேண்டும். மேலே உள்ள அணை மட்டும் கணக்கில் வருவது நியாயமில்லை. குடிநீர் இரு மாநிலத்துக்கும் முதலில். பிறகு நின்ற பயிர். அறிவிப்புக்குப் பிறகு மண்டியாவிலும் புதிய நடவு கிடையாது, தஞ்சையிலும் கிடையாது. இந்த இடத்தில்தான் இரு அரசும் பின்வாங்கும். ஏனென்றால் விவசாயியிடம் நட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அவருக்குப் பணம் தர வேண்டும்.

யார் தருவது? பெங்களூர் காவிரி குடிக்கிறது. சென்னையும் குடிக்கிறது. 2004 முதல் வீராணம் ஏரியிலிருந்து குழாயில் போகிறது, வீராணத்துக்கு வருவது கொள்ளிடத்து நீர். இரு தலைநகரங்களின் தண்ணீர் ரசீதிலும் ஒரு சிறு தொகை கூட்டி, குறைந்த ஆண்டில் நிலத்தைத் தரிசு விட்ட இரு மாநில விவசாயிகளுக்கும் ஒரே நிதியிலிருந்து கொடுத்தால் என்ன? மண்டியா விவசாயிக்குச் சென்னைக்காரரும் திருவாரூர் விவசாயிக்குப் பெங்களூர்க்காரரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்ததாகும். இதை நடக்காத கதை என்பீர்கள். சென்னை குடிக்கும் கிருஷ்ணா நீரை நினைத்துப் பாருங்கள். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி.யைத் தங்கள் பங்கிலிருந்து சென்னைக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. 1996இல் நீர் தமிழ்நாட்டு எல்லைக்கு வந்தது. கிருஷ்ணாவில் சென்னைக்கு நீர் கொடுக்கக் கர்நாடகம் ஒப்பியது என்பதை நம் ஊர் மேடைகளில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இனி பெங்களூரைப் பார்ப்போம். இந்நகரம் எந்தப் பெரிய ஆற்றின் கரையிலும் இல்லை. 1896இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, இரண்டும் அர்க்காவதி ஆற்றின் ஏரிகள். அது போதாமல் 1974இல் காவிரி. தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், அரை கிலோமீட்டர் உயரத்துக்கு, நீரைத் தள்ளி ஏற்றுகிறார்கள். (தண்ணீருக்கு முன்பே காவிரி இங்கே மின்சாரமாக வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் 1902இல் எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று, அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்.) நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்தது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்த்தது. இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு 28 டி.எம்.சி.க்கு மேல்.

அதில் கால் பங்கு கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராமல் போகிறது என்றே வைத்துக்கொள்வோம், உண்மை அதற்கு மேல். கால் பங்கு என்றால் 7 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் இந்நகரத்துக்குக் கூட்டிக் கொடுத்தது 4.75. 2023 செப்டம்பரில் ஊரை அடைத்து நடந்த சண்டை ஆறரை. பெங்களூரின் தரைக்கடியில் உடைந்த குழாய்களில் ஒரு காவிரிச் சண்டை அளவு நீர் ஆண்டுதோறும் போகிறது. இதை எந்தக் கட்சியும் பந்துக்கு அழைப்பு விடுக்கும் விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோதும் பேச்சு, கர்நாடகம் காவிரியில் கட்ட விரும்பும் மேக்கேதாட்டு அணைக்கே போயிற்று.

மேக்கேதாட்டு பற்றி என் கருத்தைக் கேட்காமல் விடமாட்டீர்கள். 67.16 டி.எம்.சி. கொள்ளும் அணையை 4.75 டி.எம்.சி. குடிநீருக்காகக் கட்டுகிறோம் என்பது எனக்கு ஒப்பவில்லை. குறைந்த ஆண்டில் அணை நீரை உண்டாக்காது. 2023இல் இருந்த நான்கு அணைகளே நிறையவில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் கூடாது என்று தமிழ்நாடு சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு நிலைப்பாடு ஆகாது. குறைந்த ஆண்டின் விதி முதலில் கையெழுத்தாகட்டும், கூட்டாக இயக்கும் அணை பற்றி அதன் பிறகு பேசலாம். விதி இல்லாமல் அணை வந்தால் அது இன்னொரு மதகு, இன்னொரு சந்தேகம்.

இன்னொன்று. பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. மேற்கே வழிகிற நீர் விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியாகிறது. அடுத்து பிலிகுண்டுலு, ஒகேனக்கல். கிழக்கே வழிவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் விழுந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக நிற்கிறது. நாம் குளித்த நீர் இரு வழியாகவும் தமிழ்நாட்டுக்கே போகிறது. மாதாந்திரப் பங்கீட்டு அட்டவணையில் நீரின் தரத்துக்கு ஒரு பத்தி இல்லை. சாக்கடை கலந்த நீரும் பிலிகுண்டுலுவில் கன அடியாகவே எண்ணப்படும்.

இதைக் கேட்டுக் கர்நாடகத்தைத் திட்ட வேண்டாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யலுக்குச் செய்ததை யார் செய்தது? ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டப்பட்டுச் சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. கரூர் விவசாயி தன் மாநில அரசோடுதான் வழக்காடினார். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் வரை நிலைமை அசையவில்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மறப்பதற்கு மொழி வேறாக இருக்க வேண்டியதில்லை.

பேசிப் பார்த்தவர்களும் உண்டு. 2003இல் இரு மாநில விவசாயிகள் ‘காவிரிக் குடும்பம்’ என்று கூடினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் அதற்கு வழி செய்தார். டெல்டா விவசாயிகள் சார்பில் மன்னார்குடி எஸ். ரங்கநாதன், மண்டியா பக்கத்திலிருந்து ரைத்த சங்கத் தலைவர் புட்டண்ணையா. இவர்கள் அவர்கள் வயலையும் அவர்கள் இவர்கள் வயலையும் போய்ப் பார்த்தார்கள். கடைமடையில் வெடித்த நிலத்தைக் கர்நாடக விவசாயி நேரில் பார்ப்பதும், கண்ணம்பாடிக்குக் கீழேயே நீர் எட்டாத வயலைத் தஞ்சை விவசாயி பார்ப்பதும் எந்த நீதிமன்ற அறையிலும் நடக்காதவை. வாய்ப்பாடு எதிலும் அவர்கள் கையெழுத்திட முடியவில்லை. அரசுகள் அவர்களைத் தம் மேசைக்கு அழைக்கவில்லை. பின்னர் முயற்சி தளர்ந்தது. அது தோற்றதாக நான் நினைக்கவில்லை, பாதியில் விடப்பட்டது.

பாதியில் நின்றது பிறகு முடிந்த கதையும் இந்த ஊரில் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இல் வைக்கப்பட்டு 18 ஆண்டுகள் மூடியே நின்றது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவர் சிலையும் சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டன. இரு முதல்வர்கள் ஒரே வாரத்தில் ஒருவர் ஊருக்கு ஒருவர் போனார்கள். நீர் அவ்வளவு எளிதில்லை, தெரியும். ஆனால் இரு அரசும் மனம் வைத்ததால்தான் அது நடந்தது. காவிரிக்கும் அப்படி மனம் வைக்க, சண்டை இல்லாத மாதங்கள் நிறைய உண்டு. 2024 ஜூலை முடிவில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. கண்ணம்பாடி நிரம்பி வழிந்தது. அந்த வாரம் இரு தலைநகரிலும் காவிரியைப் பற்றி ஒரு கூட்டம் போட்டிருந்தால் யார் கல்லெறிந்திருப்பார்கள்? யாரும் போடவில்லை. அணை நிறைந்ததும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கன்னடச் செய்தித்தாளையும் படிப்பீர்கள், தமிழ்ச் செய்தித்தாளையும் படிப்பீர்கள். ஒரே நாளில் ஒரே அணையைப் பற்றி இரண்டும் சொல்வதை அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய மக்கள் காவிரிப் படுகையில் அதிகம் இல்லை. அணைகளின் இருப்பும் வரத்தும் நாள்தோறும் வெளியாகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவற்றைக் குறித்து வையுங்கள், அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு. ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையகம் இந்த ஊர் என்று சொன்னேன். அணைகள் நிறைந்திருக்கும் ஏதாவது ஒரு மாதத்தில், கன்னடத்திலும் தமிழிலும் ஒரே மனுவாக எழுதி, குறைந்த ஆண்டுக்கான பங்கீட்டு விதியை எழுதித் தாருங்கள் என்று அந்தக் குழுவிடம் கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் கேட்காதீர்கள். அப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.